கொட்டகைக் கதவில் ஒரு சீட்டு

ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நானும் இவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடிகிறதா என்று எழுதுங்கள்.

போனில் கூப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். இனி மணி அடிக்காது. இணைப்பை எடுக்கச் சொல்லிவிட்டோம். இவருடைய அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பாதி ஷிஃப்ட், பாதிச் சம்பளம் என்று ஆக்கிவிட்டார்கள். எப்போது சரியாகும் என்பது முதலாளிக்கே தெரியாதாம். என் துணிக்கடையில் பேன்ட் நுனி மடித்துத் தைக்கிற வேலை அப்படியே இருக்கிறது, கூலியும் அப்படியே இருக்கிறது.

போன் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. போன வருடம் முழுக்க நாம் அதில் என்ன பேசினோம்? "சாப்டியா?" "சாப்டேன்." "தூங்கறியா?" "ம்." அதற்கு மாதாமாதம் ஒரு கட்டணம்.

ஒரு மாதத்துக்கு வேண்டாத செலவையெல்லாம் நிறுத்திப் பார்ப்போம் என்று நினைக்கிறேன். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்பதுதான் பிடிபடவில்லை. கடையில் ஒரு சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். எல்லாமே வேண்டாம் போலத்தான் இருக்கிறது. நீங்கள் மருத்துவமனை ஸ்டோரில் வருடாவருடம் இதையே வேலையாகச் செய்கிறவர். ஒரு வழி சொல்லுங்கள்.

பேப்பரை நிறுத்தலாம். தண்ணீர் சுட வைப்பதை நிறுத்தலாம். கொட்டகை வாடகையும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

எங்கள் ஸ்டோரில் எது வேண்டும் என்று யாரையும் கேட்க மாட்டோம். கேட்டால் எல்லா டாக்டரும் எல்லாம் வேண்டும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும், இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு காகிதச் சீட்டு ஒட்டிவிடுவோம். திறந்தால் கிழியும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்போம். சீட்டு கிழிந்திருந்தால் அது வேண்டிய சாமான், யாரும் கை வைக்கக் கூடாது. கிழியாமல் இருந்தால் வேண்டாதது, வெளியே. அவ்வளவுதான். இதில் வாதம் கிடையாது, சிபாரிசும் கிடையாது.

வீட்டிலும் செய். உங்கள் கடையில் பில் போடுகிற காகிதச் சுருள் மிச்சம் கிடைக்கும், கோந்து போதும். ஸ்டோரில் சீட்டின் மேல் ஒட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வீட்டுக்கு அது வேண்டாம். உன் வீட்டில் யார் வந்து திருடப்போகிறார்கள்.

ஒன்று. கொட்டகை வாடகை என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டாய். அதில் நிற்பது வாலுவின் ஸ்கூட்டர். வேலை கிடைத்த அன்று அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் இந்த மாதத்தோடு வருடம் ஒன்றாகிறது. உன் பெண்ணின் பேரை உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. நீ எழுத வேண்டாம். நானே எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். உங்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆள் இல்லையே என்று இவர் நேற்றுச் சொன்னார். நேற்று அவர் பேசியதில் பெரிய வாக்கியம் அதுதான்.

முதல் தேதி காலையில் சீட்டு ஒட்டினேன். அலமாரி, ரொட்டி சுடும் அடுப்பு, விருந்தாளிக்கு என்று வைத்திருக்கும் தட்டுகள், தொலைக்காட்சி, சாப்பாட்டு மேசை. மேசைக்கு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நாற்காலியையும் மேசையையும் சேர்த்து ஒட்டினேன். ஹால் ஜன்னலுக்கும் ஒன்று. ஜன்னலில் என்ன செலவு என்று கேட்காதீர்கள், கையில் கோந்து மிச்சம் இருந்தது. திறந்தால் எதிரே கொட்டகைதான் தெரியும். நாங்கள் திறப்பதில்லை.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒண்ணு ஒட்டிடு" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியாகக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். தெருமுனை மெக்கானிக் தன் மருமகளுக்கு அந்த வண்டியைக் கேட்கிறார், நல்ல விலைதான் சொல்கிறார். இவர் "குடுத்துடலாம்" என்றார். நான் "சரி" என்றேன். மாதம் முடிகிற அன்று வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். சீட்டு கிழியாமல் இருந்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே. உங்கள் விதி அதுதானே.

குளிர்காற்றில் அலையாதீர்கள்.

தங்கை


மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். மாப்பிள்ளையிடம் சொல், ஒத்தடத்துக்கு ஆள் இல்லாவிட்டாலும் வெந்நீர் இருக்கிறது, அதுவே பெரிய துணை.

உனக்கு யோசனை சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று என் அறையிலும் ஒட்டினேன். ஒற்றை ஆள் அறை. ஒரு வாரத்தில் கிழிந்தது ரேடியோவும் தேநீர்ப் பாத்திரமும்தான். விதிப்படி பார்த்தால் மிச்சம் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு நான் ரேடியோவுக்குள் குடியேற வேண்டும். மேசை இழுப்பறை ஒன்று கிழிந்திருக்கிறது, அது கணக்கில் வராது.

ஸ்கூட்டர் விஷயம் உங்கள் இருவர் முடிவு. வாங்கிக் கொடுத்தவன் என்பதற்காக என்னைப் பார்க்காதே. கொடுப்பதில் தப்பில்லை, வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை. ஆனால் யாருக்காக "சரி" என்றாய் என்று ஒரு தடவை யோசி.

மேசைச் சீட்டு என்ன ஆயிற்று? முதல் நாளே கிழிந்திருக்குமே.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மேசைச் சீட்டு கிழியவில்லை. இவர் ஷிஃப்டுக்குப் போகும் முன் அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறார். நான் கடையில் தையல் மெஷின் பக்கத்தில் சாப்பிடுகிறேன். ராத்திரி யார் முதலில் வருகிறார்களோ அவர் சாப்பிட்டுவிட்டு மற்றவருக்கு மூடி வைக்கிறார். சண்டை எதுவும் இல்லை. மேசை மூன்று பேருக்கு வாங்கியது. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பக்கம் காலியாகத் தெரியும். அதனால் யாரும் உட்காரவில்லை. ஒரு வருடமாக இப்படித்தான் இருக்கிறது, சீட்டு ஒட்டின பிறகுதான் கவனித்தேன்.

கொட்டகைச் சீட்டும் கிழியவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை


மார்ச் 15

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுகிறேன். உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தப்பு செய்துகொண்டிருக்கிறேன். அதை உங்களிடம்தான் சொல்ல முடியும், சீட்டு உங்கள் ஏற்பாடு.

காலையில் ஷிஃப்டுக்குப் போகும் முன் கொட்டகைக்குப் போய் வருகிறேன். சீட்டைக் கிழித்து, உள்ளே போய், பாப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓட விடுகிறேன். நின்றே கிடந்தால் பேட்டரி செத்துவிடும். பிறகு நிறுத்திவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுகிறேன். சுருள் அலமாரிக்கு மேல் இருக்கிறது. வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கும், சத்தம் உள்ளே கேட்காது. இந்த மாதம் மட்டும் இல்லை, பாப்பா போனதிலிருந்தே. பெட்ரோல் என் டீக்காசில் போடுகிறேன், வீட்டுப் பணத்தில் இல்லை.

விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை, ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. கண்ணில் படாமல் இருந்தால் அவளுக்கு நிம்மதி என்று நினைத்துச் சொன்னேன். சொன்ன உடனே "சரி" என்றுவிட்டாள். கொஞ்சம் யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

இனி போகாமல் இருக்கப் பார்க்கிறேன். கால் அந்தப் பக்கம்தான் போகிறது. எதுவும் தோன்றுவதில்லை மச்சான், அழுகையும் வருவதில்லை. இன்ஜின் சத்தம் கேட்டால் அன்றைக்கு வேலை செய்ய முடிகிறது, அவ்வளவுதான்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள். கொட்டகை நல்ல கட்டுமானம், வண்டியில் இத்தனை நாளாக ஒரு பொட்டுத் தூசி இல்லை. வாங்குகிறவருக்கு அதுவும் நல்லதுதான்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


மார்ச் 18

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கக்கூட மனம் நிற்கவில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். கொட்டகைச் சீட்டை நான் தினமும் கிழிக்கிறேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் போய் அவள் வண்டியைத் துடைத்துவிட்டு, வேறு சீட்டு ஒட்டிவிட்டு வருகிறேன். அவளுக்குத் தூசி ஆகாது, உங்களுக்குத் தெரியும். சட்டை இஸ்திரி கலையாமல் அதில் ஏறுவாள். துடைக்கும்போது அழுகிறேனா என்றால் இல்லை. பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான். ஆனால் ஒரு நாள் விட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒட்டும் சீட்டு அடுத்த நாள் லேசாகக் கோணியிருக்கும். ஈரத்தில் நழுவியது என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்றுக் கடைக்கு விடுமுறை. இவர் கிளம்பிப் போனதும் உடனே போனேன். சீட்டில் கோந்து காயவில்லை. கிழித்து உள்ளே போய், வழக்கம்போல முதலில் இன்ஜின் பக்கம் துணியை வைத்தேன். சூடாக இருந்தது.

அண்ணா, அவள் இப்போதுதான் வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தது ஒரு நொடிதான். வீட்டுப் பக்கம் திரும்பி, "டிபன் பாக்ஸை எடுத்துப் போடு" என்று சொல்லியேவிட்டேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூடு ஆறுகிறவரை கையை எடுக்கவில்லை.

இவர்தான். வேறு யார். ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் நானும் சொல்ல வேண்டும். விற்கச் சொன்னவர் அவர். மறந்துவிட நினைக்கிறார் போலிருக்கிறது, பாவம், அவருக்காவது ஆறட்டும் என்றுதான் சரி என்றேன். இப்போது ஒன்றும் புரியவில்லை. மாதம் முடிய அதிக நாள் இல்லை. மெக்கானிக் முன்பணம் கொடுத்துவிட்டார்.

இவரிடம் எழுதிவிடாதீர்கள்.

தங்கை


மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

இது உங்கள் இருவருக்கும் ஒரே உறையில் வருகிறது. இருவரும் படிக்க வேண்டியது. நான் நலம், நீங்கள் நலமா என்பதை நீங்களே ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.

என் தப்பு ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. வீடுதானே என்று கையெழுத்து விதியை விட்டுவிட்டேன். நாற்பது கட்டிலுக்கு மருந்து கொடுக்கிற ஸ்டோரில் அப்படி விட்டிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது. யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம், யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், கடைசியில் பார்த்தால் எல்லாச் சாமானும் வேண்டாதது போலவே தெரியும்.

ஆகவே, கொட்டகைக் கதவில் இன்றிலிருந்து ஒட்டும் சீட்டில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். மாதம் முடிகிற காலையில் அதைக் கிழிக்கும்போது இரண்டு பேரும் நேரில் இருக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்கக் கூடாது. இது ஸ்டோர் விதி. நான் வேறு எதுவும் சொல்லவில்லை, யாரும் என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

முன்பணம் வாங்கியிருந்தால் பரவாயில்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவும் கைதான் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மாப்பிள்ளையிடமிருந்தும் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

விதி என்று எழுதி உங்களைப் பிடித்துத் தள்ளிவிட்டேனோ என்று தோன்றுகிறது. எனக்குச் சாமான்களைத்தான் தெரியும், மனுஷர்களை அவ்வளவாகத் தெரியாது. வண்டியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் ஒரு வரி எழுது. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

என் மேசை இழுப்பறை கணக்கில் வராது என்று எழுதினேன் அல்லவா? அது பொய். வண்டியோடு கொடுத்த இரண்டாவது சாவி அதில் இருக்கிறது. "நான் தொலைச்சிடுவேன், நீயே வெச்சுக்கோ மாமா" என்று வாலு என்னிடம் கொடுத்தாள். ஒட்ட ஒட்ட அந்தச் சீட்டு நிற்கவில்லை. ஒரு வருடமாக உங்கள் ஊருக்கு நான் வராததற்கு முழங்காலைக் காரணம் சொன்னேன். முழங்கால் ரயிலில் உட்காரும், அதற்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. அந்த வீட்டுக்குள் அவள் இல்லாமல் நுழைய பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

பதில் போடு.

அண்ணன்


மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையும் உங்கள் மாப்பிள்ளையும் வணக்கம் சொல்கிறோம். இருவரும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் கடிதம் வந்தது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத உட்கார மேசை இல்லை. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் உறையை இவர்தான் முதலில் பிரித்திருக்கிறார். நான் வேலையிலிருந்து வரும்போது கடிதம் மேசைமேல் விரித்துக் கிடந்தது, பக்கத்தில் ஒரு சீட்டு. அதில் அவர் கையெழுத்து. பேனாவை மூடாமல் வைத்திருந்தார். நானும் போட்டேன். அவர் போய் ஒட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு இரண்டு பேரும் கொட்டகைக்குப் போகவில்லை. அந்த நாட்கள் நன்றாக இல்லை. இவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நான் சாயங்காலம் துணியைப் பிழிந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

மாதம் முடிந்த காலையில் சேர்ந்து போனோம். அவர் ஒரு பக்கம் கிழித்தார், நான் ஒரு பக்கம். வண்டிமேல் தூசி படிந்திருந்தது. இவர் அதில் விரலை வைத்துப் பார்த்தார். ஆணியில் தொங்கிய என் துணியை அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"தினமும் துடைச்சியா?"

"நீங்க தினமும் ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பேட்டரி போயிடும்ல."

"அவளுக்குத் தூசி ஆகாதுல்ல."

அப்புறம் இவர், "நீ வேண்டாம்பேன்னுதான் நெனச்சேன்" என்றார். "நீங்கதான சொன்னீங்க" என்றேன். "உனக்காகத்தான் சொன்னேன்" என்றார். ஒரு வருடத்தில் நாங்கள் பேசிய பெரிய பேச்சு இதுதான்.

மெக்கானிக் வந்தார். இவர் முன்பணத்தை நீட்டி, "வண்டி இல்லைங்க" என்றார். அவர் கோபப்படவில்லை. கொட்டகைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். "சரி, வீட்ல வேற ஏதாவது விக்கிறதுக்கு இருக்கா?" என்றார். சீட்டு கிழியாமல் இருந்த சாமானில் பெரியது மேசைதான். நாற்காலியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் பாதிச் சம்பளம் பாதிச் சம்பளம்தான், கொட்டகை வாடகை கொடுக்க வழியில்லை. அதனால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, ஒரு பலகையைப் படிமேல் சாய்த்து, வண்டியை வீட்டுக்குள் ஏற்றிவிட்டோம். மேசை இருந்த இடத்தில் இப்போது அவள் வண்டி நிற்கிறது. அளவு எடுத்த மாதிரி சரியாக இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத் தெரியும். தெரியட்டும். இரண்டு பேரும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். காலிப் பக்கம் என்று எதுவும் இல்லை.

நீங்கள் வாருங்கள். தரையில் உட்கார உங்கள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது, விருந்தாளிக்கு என்று ஒரு ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டாத செலவுதான். சாவியைக் கொண்டுவாருங்கள். வண்டியில் சாவி போடுகிற துளை எண்ணெய் இல்லாமல் இறுக்கமாக இருக்கிறது, உங்கள் சாவியையும் போட்டுப் பார்க்கலாம் என்று இவர் சொல்கிறார்.

கடைசியாக ஒன்று. உள்ளே கொண்டுவந்த மறுநாள் காலையில் இவர் பழக்கத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டு வருடமாகிவிட்டது, அண்ணா. அவள் கிளம்புகிற நேரத்துச் சத்தம். ஹால் முழுக்கப் புகை. ஓடிப்போய் ஜன்னலில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துத் திறந்தேன். எதிரே கொட்டகை காலியாகத் தெரிந்தது. நான் அழுதேன். திரும்பினால் இவரும் அழுகிறார். புகையால்தான் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

தங்கை